பின்னால் வரும் அகலம்

உடைந்த சக்கர நாற்காலி ஒன்றின் இரண்டு சக்கரம்,
முக்கால் இஞ்ச் குழாய், நைலான் வலை,
காயலான் கடை மாருதியின் சீட் பெல்ட்டு.
லண்டன்பேட்டை இம்தியாஸ் ரெண்டு ராத்திரி பற்றவைத்து
என் சைக்கிளின் பின்னால் மாட்டிவிட்டார்.
"எடைய இது தாங்கும்மா.
அகலத்தத்தான் நீ தாங்கணும்."

புரியவில்லை அன்று.

மூன்றாம் நாள், ரேஷன் கடை முக்கு.
நான் திரும்பிவிட்டேன். அவள் திரும்பவில்லை.
இடது சக்கரம் சாக்கடைப் பலகை மேல் ஏறி
வண்டி ஒருக்களித்து, நின்று, பின் இறங்கியது.
பூமிகாவுக்கு அது ஊஞ்சல். "இன்னொரு தடவம்மா" என்றாள்.
அன்று முழுக்கக் கூழ் ஆலையில்
பெங்களூராவையும் செந்தூராவையும்
ஒரே கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் போகும் வழியில் அவள் வருவதில்லை.
ஒரு முழம் உள்ளே வெட்டிக்கொண்டு
தனக்கென்று ஒரு வழியில் வருகிறாள்.
அதனால் இப்போதெல்லாம்
முக்கைத் தாண்டிப் போய், நிதானித்து,
கல்யாண ஊர்வலம் திரும்புகிற மாதிரி திரும்புகிறேன்.
பின்னால் வருகிற பைக்காரன் திட்டுவான்.
திட்டட்டும்.

வேகத்தடையை மூன்று முறை கடக்க வேண்டும்.
முன் சக்கரம்.
பின் சக்கரம்.
அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள்.

மேம்பாலத்து இறக்கத்தில்
உச்சியிலேயே பிரேக்கைத் தொட்டுவிடணும்.
தாமதித்தால், பதினாலு கிலோ பிள்ளையும்
பன்னிரண்டு கிலோ இரும்பும்
இடுப்பில் கை வைத்து "ஓடு ஓடு" என்று தள்ளும்.

கிரானைட் லாரிக்காரனின் கண் எட்டடி உயரத்தில்.
என் மகளின் தலை இரண்டடியில்.
நடுவில் உள்ள ஆறடிக்கு
கே.ஆர்.பி. அணையில் மீனே மாட்டாத
அவள் அப்பாவின் தூண்டில் கழி,
நுனியில் ஆரஞ்சு ஜெர்சித் துணி.

கொக்கி. போல்ட்டு. போல்ட்டுக்கு ஊசி.
எல்லாம் கழன்றாலும் விடாதிருக்க ஒரு நாடா.
காலையில் நான்கையும் இழுத்துப் பார்ப்பேன்.
"கொலசாமியக்கூட இவ இப்படித் தொட்டுக் கும்புட்டதில்ல,"
என்று எதிர்வீட்டு முனிலட்சுமி
தண்ணீர்க் குடத்தோடு நின்று சிரிப்பாள்.

கண்ணாடியில் வலை மட்டும் தெரியும், முகம் தெரியாது.
அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்:
பார்க்கிறதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரணும்.
"லாரி. மாடு. லாரி. டீக்கடை.
மலை. மலை. மலை. மலை."
சையத் பாஷா மலை அவ்வளவு சீக்கிரம் போகாது.
சத்தம் நின்றால் நான் நிற்பேன்.

ஒரு நாள் நின்றது.
புளியமரத்தடியில் ஓரங்கட்டி, ஸ்டாண்டு போடாமலே
இறங்கிப் பின்னால் ஓடினேன்.
பெல்ட்டுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள்,
ஹெல்மெட் நெற்றிக்கு நேராக.
"ஏண்டி பேசல?"
"மலை முடிஞ்சிருச்சும்மா."

ஒன்று யாரும் சொல்லித் தரவில்லை:
காலி வண்டிதான் அதிகம் துள்ளும்.
பால்வாடியில் அவளை இறக்கிவிட்டு
ஆலைக்கு அழுத்தும்போது
சின்னக் குழிக்கெல்லாம் தாவுகிறது,
ஒற்றைச் சக்கரத்தில் சாய்கிறது,
சண்டைக்குப் போகிற சேவல் போல.

பாலிஷ் பட்டறையில் கேட்டு
ரோஸ் நிறக் கல் துண்டு ஒன்று வாங்கினேன்.
பால்வாடி வாசலிலேயே கிடக்கும்.
அவளை இறக்குவேன், அதை ஏற்றுவேன்.
முதல் நாள் உள்ளே ஓடியவள்
செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.
"கல்லுக்கு பெல்ட்டு?"

போட்டேன்.

இப்போது எட்டேகால்.
ஆலை வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டியிருக்கும்.
நேரமாகிவிட்டது, ஆனாலும்
வேகத்தடையை மூன்றாகத்தான் ஏறி இறங்குகிறேன்.
பாலத்தில் என்னை உரசுகிற மாதிரி ஒரு ஹார்ன்.
பின்னால் சத்தமே இல்லை.

"லாரி," என்றேன், நானே.